பந்தயப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தவர்

(பத்தாம் வகுப்பு, அ பிரிவு)

சென்ற ஜனவரி மாதக் கடைசி ஞாயிறன்று, காலைத் திருப்பலி முடிந்ததும், எங்கள் வகுப்பு மாணவியர் காலாப்பட்டில் ஒரு சிறிய ஓட்டம் ஓடினோம். பெரிய பந்தயம் என்று நினைத்துவிட வேண்டாம். கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் தொடங்கி, மீனவர் குப்பத்தைக் கடந்து, கடற்கரை மணலில் முடியும் ஒன்றரைக் கிலோமீட்டர் ஓட்டம், அவ்வளவுதான். குப்பத்துப் பிள்ளைகளுக்குப் புதிய ஆண்டுக்கான நோட்டுப் புத்தகங்கள் வாங்கித் தருவதே நோக்கம். ஒவ்வொருத்தியும் தெரிந்த வீடுகளுக்கெல்லாம் போய், ஓடி முடித்தால் இவ்வளவு ரூபாய் தருவதாக வாக்கு வாங்கி வந்திருந்தோம்.

அழைக்காமலே குப்பத்து நாய்கள் நான்கும் எங்களோடு ஓட்டத்தில் சேர்ந்துகொண்டன. நான் முதலாவதாக வந்தேன். என் தோழி ஒருத்தி கடைசியாக வந்தாள். அவளுக்கு இழுப்பு நோய் உண்டு. ஒரு பழுப்பு நாய் மட்டும் மற்ற நாய்களை விட்டுவிட்டு, அவள் நின்றபோது நின்று, அவள் நடந்தபோது நடந்து, அவளோடேயே வந்து சேர்ந்தது. நாயோடு போட்டி போட்டு நாயிடமே தோற்றாள் என்று சிலர் கேலி செய்தார்கள். நானும் சிரித்தேன். அவள் ஒன்றும் பேசவில்லை. மாலையில் பணத்தை எண்ணியபோதுதான் தெரிந்தது: எல்லாரிலும் அதிகமான வீடுகளின் படியேறி, எல்லாரிலும் அதிகப் பணம் சேர்த்தவள் அவளே.

அந்த வாரமே புனித தொன் போஸ்கோவின் திருநாள். காலைக் கூட்டத்தில் அவரைப் பற்றிப் பேசும்படி சிஸ்டர் என்னைப் பணித்தார்கள். நூலகத்தில் அவர் வாழ்க்கை வரலாற்றை எடுத்துப் படித்தேன். அதில் ஓர் ஓட்டப் பந்தயமும் வந்தது. ஒரு நாயும் வந்தது. படித்து முடித்ததும் எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வரலாற்றையே இங்கு எழுதுகிறேன்.

இத்தாலி நாட்டின் வட பகுதியில் பியட்மாண்ட் என்னும் நிலப்பகுதி இருக்கிறது. அங்கே காஸ்தல்நுவோவோ என்ற ஊரை அடுத்த பெக்கி என்னும் குக்கிராமத்தில், 1815ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16ஆம் நாள் ஜான் போஸ்கோ பிறந்தான். தந்தை பிரான்சிஸ் ஓர் ஏழை உழவர். ஒருநாள் வயலில் வேலை செய்து வியர்வை வழிய வந்தவர் குளிர்ந்த நிலவறைக்குள் இறங்கினார். அதனால் வந்த காய்ச்சல் சில நாள்களிலேயே அவர் உயிரைக் கொண்டுபோயிற்று. அது 1817ஆம் ஆண்டு. ஜானுக்கு அப்போது இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. அதே ஆண்டில் பஞ்சமும் வந்தது. தாய் மார்கரீத், கணவரின் முதல் தாரத்து மகன் அந்தோணியையும், தன் பிள்ளைகள் சூசை, ஜான் இருவரையும், வயதான மாமியாரையும் தனியொருத்தியாகக் காப்பாற்றினாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் செபமும் உழைப்பும் தெரியும். அவற்றையே பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தாள்.

ஒன்பதாம் வயதில் ஜான் ஒரு கனவு கண்டான். ஒரு முற்றத்தில் பல சிறுவர்கள் கெட்ட வார்த்தை பேசிச் சண்டையிட்டுக் கொண்டிருந்தார்கள். ஜான் அவர்கள் நடுவே பாய்ந்து கைகளால் குத்தி அடக்கப் பார்த்தான். அப்போது ஒளி வீசும் முகமுடைய ஒருவர் தோன்றி, இவர்களை அடியால் அல்ல, சாந்தத்தாலும் அன்பாலுமே வெல்ல வேண்டும் என்று அறிவுறுத்தினார். ஒரு பெண்மணியும் தோன்றினார். சிறுவர்கள் மறைந்து, அவர்கள் இருந்த இடத்தில் ஆடுகளும் நாய்களும் பூனைகளும் கரடிகளும் நின்றன. சற்று நேரத்தில் அவை யாவும் சாதுவான செம்மறிக் குட்டிகளாக மாறித் துள்ளின. அந்தக் கனவை அவன் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை.

சிறுவர்களை வெல்ல வேண்டுமானால் முதலில் அவர்களை அருகில் வரவழைக்க வேண்டும் அல்லவா? ஜான் அதற்கு ஒரு வழி கண்டான். சந்தைகளில் வித்தை காட்டும் கழைக்கூத்தாடிகளைக் கூர்ந்து கவனித்தான். வீட்டுக்கு வந்து, விழுந்து எழுந்து, தானே பழகினான். இரண்டு மரங்களுக்கு இடையே கயிறு கட்டி அதன்மேல் நடந்தான். கைகளை ஊன்றித் தலைகீழாக நடந்தான். ஞாயிறுதோறும் ஊர்ப் பிள்ளைகளும் பெரியவர்களும் கூடினார்கள். அந்த வேடிக்கைக்குக் கட்டணம் காசு அன்று. முதலில் எல்லாரும் செபமாலை சொல்ல வேண்டும். அன்று காலைப் பூசையில் கேட்ட பிரசங்கத்தை ஜான் திருப்பிச் சொல்வதைக் கேட்க வேண்டும். அதன்பிறகே வித்தை தொடங்கும்.

ஆனால் வீட்டில் நிம்மதி இல்லை. தம்பி புத்தகத்தை எடுப்பது அண்ணன் அந்தோணிக்குப் பிடிக்காது. உழவன் மகனுக்கு இலத்தீன் எதற்கு என்பது அவன் எண்ணம். சண்டை முற்றிப் போகவே, வேறு வழியில்லாமல் தாய் மார்கரீத் பன்னிரண்டு வயது மகனை வீட்டை விட்டு அனுப்பினாள். சிறு துணி மூட்டையுடன் பனிக்காலத்தில் புறப்பட்ட அந்தப் பிள்ளை மோலியா என்னும் குடும்பத்தாரின் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்து, ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் மாடு மேய்த்தான். மேய்ச்சல் நிலத்திலும் புத்தகத்தைக் கைவிடவில்லை. பிறகு வீடு திரும்பியபோது, கலோசோ என்னும் முதிய குருவானவர் அவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். 1830இல் அவரும் இறந்துபோனார். ஜான் இரண்டாம் முறை தந்தையை இழந்தவன் போல் அழுதான்.

1831ஆம் ஆண்டு, பதினாறு வயதில், கியேரி என்ற நகரத்துப் பள்ளியில் சேர்ந்தான். தன்னைவிடப் பல வயது இளைய பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார வேண்டியிருந்தது. அதற்காக அவன் நாணவில்லை. தங்குவதற்கும் உண்பதற்கும் பணம் வேண்டுமே! காப்பிக் கடையில் வேலை செய்தான். தையல் கற்றான், தச்சு கற்றான், கொல்லன் பட்டறையில் சம்மட்டி பிடித்தான். இரவில் விளக்கொளியில் படித்தான். இத்தனைக்கும் நடுவில் நண்பர்களைச் சேர்த்து ஒரு குழு அமைத்தான். அதன் பெயர் மகிழ்ச்சிக் கழகம். கிறிஸ்தவனுக்குத் தகாத சொல்லும் செயலும் கூடாது. பள்ளிக் கடமையையும் ஞானக் கடமையையும் தவறாமல் செய்ய வேண்டும். எப்போதும் மகிழ்ச்சியாக இருக்க வேண்டும். அந்தக் கழகத்தின் விதிகள் அவ்வளவே.

இந்த நாள்களில்தான் அந்தப் பந்தயம் நடந்தது. கியேரி நகருக்கு ஒரு கழைக்கூத்தாடி வந்து சேர்ந்தான். ஓட்டத்திலும் தாண்டுவதிலும் தன்னை வெல்ல ஊரில் ஆளே இல்லை என்று பெருமை அடித்துக்கொண்டான். கோயில் நேரத்திலேயே வித்தை காட்டியதால், ஞாயிறன்று கோயிலுக்குப் போக வேண்டிய பிள்ளைகள் அவனைச் சுற்றி நின்றுவிட்டார்கள். ஜானின் நண்பர்கள் ஜானை முன்னே தள்ளினார்கள். இருபது லீரா பந்தயம் என்றான் கூத்தாடி. ஜானிடம் ஏது இருபது லீரா? மகிழ்ச்சிக் கழகத்து நண்பர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டுப் பணத்தைச் சேர்த்தார்கள்.

முதலில் ஓட்டம். தொடக்கத்தில் கூத்தாடி முந்தினான். சிறிது தூரத்திலேயே ஜான் அவனை எட்டிப் பிடித்து, வெகுதூரம் பின்னால் விட்டுவிட்டான். கூத்தாடிக்கு ரோசம் வந்தது. நாற்பது லீராவுக்கு வாய்க்கால் தாண்டும் போட்டி வைத்தான். வாய்க்காலின் மறுகரையில் ஒரு சுவர் இருந்தது. கூத்தாடி சுவரோரம் வரை தாவினான். அதற்கு அப்பால் போக இடமில்லை. ஜானோ சுவரின்மேல் கைகளை ஊன்றி, அதையும் தாண்டி அப்பால் குதித்தான். மூன்றாவது, எண்பது லீராவுக்குக் கோல் வித்தை. ஜான் ஒரு கோலின் முனையில் தொப்பியை வைத்து, உள்ளங்கையில் நிறுத்தி, விரல், முழங்கை, தோள், மோவாய், மூக்கு, நெற்றி என்று ஏற்றி, வந்த வழியே மீண்டும் கைக்குக் கொண்டுவந்தான். கூத்தாடியும் அப்படியே செய்தான். ஆனால் அவன் மூக்குச் சற்று நீளம். கோல் அதில் தட்டிச் சாய்ந்துவிட்டது. கடைசியாக, கையில் மிஞ்சிய நூறு லீராவையும் வைத்து மரமேறும் போட்டிக்கு அழைத்தான். கூத்தாடி உச்சிக் கிளை வரை ஏறினான். இன்னும் ஒரு சாண் ஏறினால் கிளை முறிந்துவிடும். இனி ஜான் எங்கே போக முடியும்? ஜானும் அதே இடம் வரை ஏறினான். பிறகு மரத்தைக் கைகளால் பற்றிக்கொண்டு தலைகீழாகக் கால்களை மேலே நீட்டினான். அவன் பாதங்கள் கூத்தாடி தொட்ட இடத்துக்கும் மேலே நின்றன. கூட்டம் ஆரவாரித்தது.

இருபதும் நாற்பதும் எண்பதும் நூறும் சேர்ந்து இருநூற்று நாற்பது லீரா. கூத்தாடியின் கையிருப்பு ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. சற்று முன் மார்தட்டியவன் இடிந்துபோய் நின்றான்.

தோழியரே, நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? பணத்தை வாங்கிக்கொண்டு ஊர்வலம் போயிருப்போம். நான் அப்படித்தான் செய்திருப்பேன். ஜான் போஸ்கோ அந்த மனிதனின் முகத்தைப் பார்த்தான். ஊர் ஊராகச் சென்று, தன் உடம்பை வருத்திப் பிழைக்கும் ஏழை அவன். தானும் ஏழை, கயிற்றின்மேல் நடந்து விழுந்து அடிபட்டவன். ஆகவே நண்பர்களோடு கலந்து பேசி, ஒரு நிபந்தனையின்பேரில் பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னான். மகிழ்ச்சிக் கழகத்தார் அனைவருக்கும் கூத்தாடி ஒருவேளைச் சாப்பாடு வாங்கித் தர வேண்டும். அவன் மனமார ஒப்புக்கொண்டான். இருபத்திரண்டு பேர் உணவு விடுதியில் வயிறார உண்டார்கள். செலவு இருபத்தைந்து லீரா. மீதி இருநூற்றுப் பதினைந்து லீராவும் கூத்தாடியின் கைக்கே திரும்பி வந்தது. அவன் நன்றி சொல்லி, இனிமேல் மாணவர்களோடு பந்தயம் கட்டுவதில்லை என்று தீர்மானித்துக்கொண்டு போனான். தோற்றவனும் வென்றவர்களும் ஒரே மேசையில் அமர்ந்து உண்ட விருந்து அது. அவர் பிற்காலத்தில் செய்த பெரிய வேலைகளுக்கெல்லாம் இந்தச் சாப்பாட்டிலேயே விதை விழுந்துவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

1835இல் ஜான் குருமடத்தில் சேர்ந்தார். 1841ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் தூரின் நகரில் குருப்பட்டம் பெற்றார். அன்று முதல் மக்கள் அவரைத் தொன் போஸ்கோ என்று அழைத்தார்கள். தொன் என்பது அந்நாட்டில் குருக்களுக்கு வழங்கும் மரியாதைச் சொல். அவருக்கு ஞான வழிகாட்டியாக இருந்த கஃபாசோ சுவாமிகள் அவரைத் தூரின் நகரச் சிறைச்சாலைகளுக்கு அழைத்துச் சென்றார்.

காலாப்பட்டில் வாழும் நமக்குச் சிறைச்சாலை புதிய காட்சி அன்று. மத்திய சிறையின் மதிலை எத்தனையோ முறை கடந்து போகிறோம். உள்ளே இருப்பவர்களைப் பற்றி நாம் நினைப்பதில்லை. தொன் போஸ்கோ உள்ளே போனார். பன்னிரண்டு முதல் பதினெட்டு வயது வரையுள்ள பிள்ளைகள் அங்கே பூச்சிக் கடியிலும் பசியிலும் அடைந்து கிடப்பதைக் கண்டு நடுங்கினார். விடுதலையாகிப் போனவர்களே சில நாள்களில் திரும்பி வருவதையும் கண்டார். காரணம் என்ன என்று சிந்தித்தார். வெளியே அவர்களுக்கென்று ஒரு நண்பன்கூட இல்லை என்பதே காரணம். அவர்கள் சிறைக்கு வருமுன்பே அந்த நண்பன் தாமாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்.

1841 டிசம்பர் 8, அமல உற்பவ மாதா திருநாள். பூசைக்கு ஆயத்தமாகிக் கொண்டிருந்தபோது, கோயில் அறைக்குள் ஒரு பையன் தயங்கி நின்றான். பூசைக்கு உதவி செய்யத் தெரியாது என்றதும் கோயில்பிள்ளை அவனை அடித்து விரட்டினார். தொன் போஸ்கோ அவன் தம் நண்பன் என்று சொல்லித் திரும்ப அழைக்கச் செய்தார். அவன் பெயர் பர்த்தலொமேயு கரேல்லி, வயது பதினாறு, கொத்து வேலை செய்பவன், தாய் தந்தை இல்லாதவன். அன்று ஒருவனோடு தொடங்கிய ஞானோபதேசம் சில ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் கூடும் ஞாயிறு மன்றமாக வளர்ந்தது.

பிள்ளைகள் கூடினால் சத்தம் இருக்கும்தானே? அக்கம்பக்கத்தார் புகார் செய்தார்கள். ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்கு அவர்கள் விரட்டப்பட்டுக்கொண்டே இருந்தார்கள். கந்தல் உடுத்த பிள்ளைகளோடு ஓடியாடும் குருவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுகூடச் சிலர் பேசினார்கள். ஒருநாள் இரண்டு குருக்கள், உலாவப் போகலாம் என்று சொல்லி, அவரை மனநோய் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வண்டியோடு வந்தார்கள். விஷயத்தைப் புரிந்துகொண்ட தொன் போஸ்கோ மரியாதையாக அவர்களை முதலில் ஏறச் சொல்லி, கதவைச் சாத்தி, வண்டியை மருத்துவமனைக்கு ஓட்டும்படி வண்டிக்காரனிடம் சொல்லிவிட்டார்!

கடைசியில் 1846ஆம் ஆண்டு உயிர்ப்புத் திருநாளன்று வல்தோக்கோ என்னும் பகுதியில் பினார்தி என்பவருடைய தாழ்ந்த கொட்டகை ஒன்று வாடகைக்குக் கிடைத்தது. அதே ஆண்டு கடும் நோயில் விழுந்து சாவின் விளிம்புக்குச் சென்றார். கொத்துப் பையன்களும் கூலிப் பையன்களும் உபவாசம் இருந்து மாதாவிடம் மன்றாடினார்கள். அவர் பிழைத்தார். பிழைத்த உயிர் இனி அந்தப் பிள்ளைகளுக்கே சொந்தம் என்று எண்ணினார். அவருடைய வயதான தாய் கிராமத்தை விட்டு வந்து, தன் திருமண நகையையும் விற்று, இறக்கும்வரை பத்து ஆண்டுகள் அந்தப் பிள்ளைகளுக்குச் சோறாக்கித் துணி தைத்தாள்.

1854ஆம் ஆண்டு கோடையில் தூரின் நகரில் காலரா பரவியது. நோயாளிகளைத் தொட உறவினரே அஞ்சினார்கள். தொன் போஸ்கோவின் பிள்ளைகளில் நாற்பத்து நான்கு பேர் பணிசெய்ய முன்வந்தார்கள். பாவமில்லாமல் இருந்து, மாதாவை நம்பினால் ஒருவருக்கும் தீங்கு வராது என்று அவர் உறுதி சொன்னார். ஒருவருக்கும் நோய் தொற்றவில்லை.

இப்போது அந்த நாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொன் போஸ்கோவுக்கு எதிரிகளும் இருந்தார்கள். வல்தோக்கோவுக்குப் போகும் வழி இருட்டும் புதருமாக இருக்கும். 1852ஆம் ஆண்டளவில் ஓர் இரவு அவர் தனியே நடந்து வரும்போது, ஓநாயைப் போன்ற பெரிய சாம்பல் நிற நாய் ஒன்று பக்கத்தில் வந்தது. முதலில் பயந்தார். அது வாலை ஆட்டிக்கொண்டு வீடு வரை துணைக்கு வந்து திரும்பிவிட்டது. நிறத்தை வைத்து அதற்குக் கிரீஜோ என்று பெயரிட்டார். 1854ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் இரண்டு பேர் அவரை வழிமறித்து, தலைமேல் போர்வையைப் போட்டு மூடினார்கள். எங்கிருந்தோ கிரீஜோ பாய்ந்து வந்தது. அவர்கள் அலறி, நாயைத் திரும்ப அழைக்கும்படி அவரிடமே கெஞ்சினார்கள். இன்னொரு நாள் அவர் வெளியே புறப்பட்டபோது வாசற்படியில் குறுக்கே படுத்து, போகவே விடவில்லை. அன்று வழியில் சிலர் காத்திருந்தது பிறகு தெரியவந்தது. பிள்ளைகள் அதைத் தடவிக்கொடுத்து உணவு வைத்தார்கள். அது எதையும் தின்னவில்லை. அது யாருடைய நாய் என்று யாருக்கும் தெரியாது. வானதூதரே அப்படி வந்தார் என்று நம்பியவர்கள் உண்டு. தொன் போஸ்கோ அதன் பூர்வீகத்தை ஆராயவில்லை. அது தமக்குக் கடவுளின் பராமரிப்பாக இருந்தது என்று மட்டும் எழுதி வைத்தார்.

1855ஆம் ஆண்டு இளைஞர் சிறையிலிருந்த பிள்ளைகளை, காவலர் ஒருவரும் இன்றி, ஒருநாள் உலாவுக்கு அழைத்துச் சென்றார். எல்லாரும் திரும்பமாட்டார்கள் என்று அதிகாரிகள் அஞ்சினார்கள். மாலையில் அத்தனை பேரும் திரும்பி வந்தார்கள். ஐம்பது வயதைத் தாண்டி, கால்கள் வீங்கியிருந்த காலத்திலும் முற்றத்தில் பிள்ளைகளோடு ஓட்டப் பந்தயம் ஓடினார்.

1859இல் சலேசிய சபையை நிறுவினார். 1872இல் புனித மரிய தொமினிக்கா மசரெல்லோவோடு சேர்ந்து பெண்பிள்ளைகளுக்காகச் சகாய அன்னையின் புதல்வியர் சபையை ஏற்படுத்தினார். 1875இல் அர்ஜென்டினாவுக்கு முதல் வேதபோதகர்களை அனுப்பினார். கோயில் கட்டவும் அனாதைகளைக் காக்கவும் வீடு வீடாகக் கையேந்தினார். 1883இல் பிரெஞ்சு நாட்டுக்கே சென்று, பாரிஸ் நகரத்துச் செல்வர்களிடமும் ஏழைகளிடமும் பிச்சை கேட்டார். கேட்பதற்கு அவர் என்றும் நாணவில்லை. தமக்காக அவர் கேட்கவில்லையே! 1888ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் விடியற்காலையில் இறைவனடி சேர்ந்தார். 1934ஆம் ஆண்டு உயிர்ப்புத் திருநாளன்று பாப்பரசர் பதினொன்றாம் பத்திநாதர் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

அவருடைய பிள்ளைகள் இந்தியாவில் முதன்முதலாகப் பணி தொடங்கிய இடம் நம் தமிழ் மண்ணே. 1906 ஜனவரியில் சலேசிய குருக்கள் தஞ்சாவூருக்கு வந்து அனாதைப் பிள்ளைகளை ஏற்றுக்கொண்டார்கள். 1922இல் சலேசிய சகோதரிகளும் அங்கேயே வந்து சேர்ந்தார்கள். கியேரி நகரத்தில் ஓடத் தொடங்கிய கால்கள் காவிரிக் கரைவரை வந்துவிட்டன.

காலைக் கூட்டத்தில் இந்த வரலாற்றைச் சொல்லி முடித்தபின், நான் என் தோழியிடம் சென்று மன்னிப்புக் கேட்டேன். அவள் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. நோட்டுப் புத்தகங்களுக்கு அட்டை போட ஆள் போதவில்லை, நீயும் வா என்றாள். அன்று மாலை குப்பத்துச் சாவடியில் அவளோடு உட்கார்ந்து அட்டை போட்டேன். அந்தப் பழுப்பு நாயும் அவள் காலடியில் வந்து படுத்துக்கொண்டது. கிரீஜோவைப் போல் அது உணவை மறுக்கவில்லை. எங்கள் பிஸ்கட்டுகளில் நான்கைத் தின்றுவிட்டது.

தரும காரியத்துக்காக ஓடும்போது பணம் சேர்ந்தால் மட்டும் போதாது என்று இப்போது அறிந்துகொண்டேன். கடைசியாக வருகிறவள் தலைகுனிந்து வீடு போனால், அது பாதித் தருமமே. அடுத்த ஆண்டு நாங்கள் பதினோராம் வகுப்பில் இருப்போம். அப்போதும் ஓடுவோம். நான் அவளுடைய வேகத்திலேயே ஓடுவதாக முடிவு செய்திருக்கிறேன். பழுப்பு நாய்க்கு ஆட்சேபணை இராது என்று நம்புகிறேன்.

புனித தொன் போஸ்கோவே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.